பிள்ளைகளின் இரவும் உங்கள் தீர்மானப் பதிவேடும்

மதுரை மாவட்டத்து அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

உங்கள் கூட்டங்களில் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, இடைநின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது, சத்துணவின் தரம் ஆகியவை பேசப்படுகின்றன, பேசப்படவும் வேண்டும். ஆனால் மாலையில் பள்ளிக் கதவைத் தாண்டிய பிள்ளை மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில் வந்து நிற்கும் வரையிலான ஏறத்தாழ பதினேழு மணி நேரத்தில் அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றித் தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். அந்தப் பதினேழு மணி நேரத்திலும் குறிப்பாக ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். பிள்ளைகளின் இரவுத் தூக்கத்தை உங்கள் கூட்டத்தின் முதற்பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் மனநலத்துக்காக வீட்டில் செய்யக்கூடியவற்றுள் முதலில் செய்ய வேண்டியதும், பணச்செலவு மிகக் குறைந்ததும், நாம் மிகுதியாகக் கைவிட்டிருப்பதும் அதுவே என்பது என் கருத்து.

நான் மேலூர்ப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாவட்ட ஆட்சியருக்கோ கல்வித்துறைக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 21ஆம் பிரிவில், மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. துறையின் சுற்றறிக்கை பள்ளி வாசலோடு நின்றுவிடும். மருத்துவர் சொல்லும் புத்திமதி புறநோயாளிச் சீட்டோடு மடிந்துவிடும். வகுப்பறைக்குள் ஒரு காலும் அடுப்படிக்குள் ஒரு காலும் வைத்திருப்பவர்கள் நீங்கள் மட்டுமே. இரவு எட்டு மணிக்கு வீட்டில் தொலைக்காட்சி ஓடுவதும் காலை ஏழரைக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு நடப்பதும் ஒரே பிள்ளையின் மேல்தான் விழுகின்றன என்பதை இரண்டு பக்கமும் அறிந்து பேசக்கூடிய குழு வேறு இல்லை.

மனநலம் என்றதும் பேனர் கட்டி, வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்து, அரைநாள் கருத்தரங்கு நடத்தி, புகைப்படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிடும் வழக்கம் நமக்கு வந்துவிட்டது. அது தேவையற்றது என்று சொல்லவில்லை. ஆனால் அன்றிரவும் அந்தப் பிள்ளை பதினொன்றரை மணிக்குத்தான் தூங்கியிருக்கும்.

பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழ்நாடு மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் அந்தப் புரிதலில் வந்தவை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைக்கப்பட்டது நம் மதுரையில், ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். இன்று உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குப் பசிமயக்கம் இல்லை. ஆனாலும் முதல் பாடவேளையிலேயே மேசையில் கவிழ்ந்து படுக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் பள்ளியின் தொடக்கநிலை ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். சோற்றை அரசு கொண்டுவந்து கொடுக்கலாம். தூக்கத்தை எந்தத் திட்டத்தாலும் வண்டியில் ஏற்றி அனுப்ப முடியாது.

ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2016இல் கூடி வகுத்த அளவு. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கை நம் ஊர் நேரத்தில் போட்டுப் பாருங்கள். ஆறு மணிக்கு எழுந்தால்தான் பேருந்தைப் பிடிக்க முடியும் என்றிருக்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, குறைந்த அளவான ஒன்பது மணி நேரம் தூங்குவதற்கே இரவு ஒன்பதுக்குக் கண்ணயர்ந்திருக்க வேண்டும். செல்லூரிலோ வில்லாபுரத்திலோ ஆரப்பாளையத்திலோ இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைத்த வீடு எத்தனை? உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில்கூட இப்போது அரிது.

தூங்கும்போது உடம்பு சும்மா கிடப்பதில்லை. முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சிக்கான ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வதும், அன்றைய கோபத்தையும் பயத்தையும் அவமானத்தையும் ஆற வைப்பதும் தூக்கத்தில் நடக்கிற வேலைகளே. அது குறைந்த பிள்ளைக்கு மறுநாள் சிறு சொல்லும் பெரிதாகச் சுடும். பெரியவர்களுக்குத் தூக்கம் போதாவிட்டால் கொட்டாவி வருகிறது, சோர்ந்து உட்கார்கிறோம். சிறு பிள்ளைகள் பலரிடம் அது நேர்மாறாகத் தெரியும்: ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள், அடிதடிக்குப் போவார்கள், பொசுக்கென்று அழுவார்கள். இதைத்தான் வீட்டில் சேட்டை என்றும் பள்ளியில் திமிர் என்றும் பெயர் வைத்துப் பிரம்பைத் தேடுகிறோம். பிள்ளையை அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் மேலே சொன்ன கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியும். அடிக்கக் கூடாது என்று சொல்வதோடு நில்லாமல், நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று முதலில் கேட்கும் பழக்கத்தை ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் கொண்டுவர முடிந்தால் பாதிப் புகார்கள் அங்கேயே வேறு முகம் காட்டும்.

இந்தியாவில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உள்ள ஒன்பதாம் வகுப்பில் அது மூன்று பிள்ளைகள். தூக்கம் சரியானால் இவையெல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய். தூக்கமின்மை மனச்சோர்வைக் கொண்டுவருகிறது. மனச்சோர்வும் பதற்றமும் தூக்கத்தைக் கெடுக்கின்றன. எது முதலில் வந்தது என்று பல நேரம் மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. ஆனால் படிப்பில்லாத பெற்றோரும், சம்பளம் குறைந்த பெற்றோரும், ஒருவரையும் கேட்காமல் இன்றிரவே கைவைக்கக்கூடிய இடம் தூக்கம் ஒன்றுதான். அதனால்தான் அதை முதலில் வைக்கிறேன்.

தூங்கா நகரம் என்று நாம் பெருமை பேசுகிறோம். அல்லங்காடி என்னும் இரவுச் சந்தை நடந்த ஊர் என்பது சங்க காலத்திலிருந்தே வரும் சிறப்புத்தான். அந்தப் பெருமைக்குப் பின்னால் இருக்கிற தாய் தகப்பன்மார் யார் என்பதையும் நினைக்க வேண்டும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு நள்ளிரவு கடந்ததும் கிளம்புகிறவர், விடிவதற்கு முன்னே மல்லிகை மொட்டுப் பறிக்கப் போகிறவர், ஜவுளிக் கடையில் ஒன்பதரை வரை நின்று துணி விரித்துக் காட்டிவிட்டுப் பத்தரைக்கு வீடு சேர்கிறவர், புரோட்டாக் கல்லின் முன் நடுச்சாமம் வரை நிற்கிறவர். இவர்களைப் பார்த்து, பிள்ளையை ஒன்பது மணிக்குத் தூங்க வையுங்கள் என்று சொல்வது எளிது. அம்மா வரும் வரை விழித்திருந்தால்தான் அம்மாவைப் பார்க்க முடியும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளையிடம் தூங்கு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அப்படிப்பட்ட வீட்டில் நான் சொல்வது வேறு. இரவில் கிடைக்காத அந்த அரைமணி நேரத்தைக் காலையில் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். தலை பின்னும்போதோ ஊட்டிவிடும்போதோ செல்போன் இல்லாமல் பேசுங்கள். அம்மா காலையில் கட்டாயம் இருப்பாள் என்று பிள்ளைக்கு நம்பிக்கை வந்துவிட்டால், அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ படுத்து அது தூங்கிவிடும். வாரத்தில் எல்லா நாளும் இயலாவிட்டாலும் எந்த நாள் இயலும் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தூக்கம் பற்றிய புத்திமதிகள் பலவும் பிள்ளைக்குத் தனி அறை, இருட்டு, அமைதி என்று தொடங்குகின்றன. வளவு வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஐந்து பேர் பாய் விரிக்கிற குடும்பத்துக்கு அது எந்த ஊர்ப் பேச்சோ என்று தோன்றும். ஆனால் ஒற்றை அறை வீட்டுக்கும் ஒரு வழி உண்டு. வீடு முழுவதும் ஒரே நேரத்தில் அடங்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்தி, குழல் விளக்கை அணைத்து, ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்றைப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால் போதும், பிள்ளை தானாக உறங்கும். பாடம் படிக்கும் பிள்ளை ஒன்றும் தூங்க வேண்டிய பிள்ளை ஒன்றும் இருந்தால் விளக்கு அடுப்படிப் பக்கம் போகட்டும். நேரம் நாள்தோறும் ஒன்றாக இருப்பது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கவிட்டுத் திங்கட்கிழமை ஐந்தரைக்குத் தட்டி எழுப்பினால் உடம்பின் கடிகாரம் குழம்பிப் போகும். பத்தரை வரை ஓடும் தொடர்களையும், பதினொன்றரை வரை நீளும் ஐ.பி.எல். ஆட்டங்களையும் விட்டுவிட வேண்டும் என்பது பெரியவர்களுக்குக் கசப்பான மருந்துதான், ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு விதிவிலக்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவில் பிள்ளைகள் தகப்பன் தோளில் உட்கார்ந்து விடிய விடிய விழித்திருக்கட்டும். அந்த ஒரு இரவு யாருடைய மனநலத்தையும் கெடுத்ததில்லை. அது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. செல்போன் வெளிச்சத்தில் விழித்திருப்பதோ நாள்தோறும் நடப்பது.

செல்போனுக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் வகுப்பறைகள் மூடிக் கிடந்து, ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் பள்ளிக்கு வந்தார்கள். கடன் வாங்கியாவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுங்கள் என்று அந்த நாட்களில் பெற்றோரிடம் சொன்னது கல்வி உலகம்தான். பள்ளி திறந்த பிறகு போன் மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. இப்போது நடக்கும் கூத்து இன்னொன்று. வீட்டுப்பாடமும், மறுநாள் தேர்வுக்கான வினாக்களும், செய்முறைப் படங்களும் இரவு எட்டரை, ஒன்பது, சில நேரம் பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகின்றன. அம்மாவிடமிருந்து போனைப் பறித்துக்கொள்ள அதைவிட நியாயமான காரணம் பிள்ளைக்கு வேண்டுமா? வீட்டுப்பாடம் எழுதி முடிக்கப் பத்து நிமிடம், அதன் பிறகு குட்டி வீடியோக்கள் ஒரு மணி நேரம். ஒருபக்கம் பிள்ளைக்குப் போன் கொடுக்காதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசிவிட்டு, மறுபக்கம் இரவு ஒன்பதுக்கு அதே போனில் பாடம் அனுப்புகிற பள்ளியை யார் நம்புவார்கள்? ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கும் பகலெல்லாம் எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் விவரப் பதிவேற்றமும் வேறு வேலைகளும் இருக்கின்றன, பாடத்தைப் பற்றி நினைக்க இரவுதான் மிஞ்சுகிறது. ஆனால் மாலை ஆறு மணிக்குப் பிறகு மாணவருக்கான எந்தச் செய்தியும் வாட்ஸ்அப்பில் வராது, வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவருவார்கள் என்று உங்கள் குழு தீர்மானம் போட முடியும். ஒரு பைசா செலவில்லாத இந்த ஒரு தீர்மானம், நான் இந்த மடலில் கேட்பவற்றுள் எனக்கு மிக முக்கியமானது.

வீட்டின் பங்கும் இருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, உறவினரோடு வீடியோவில் பேசுவதைத் தவிர, திரையே காட்டக் கூடாது என்றும், ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வழிகாட்டுகிறது. நம் வீடுகளில் ஒரு வாய் சோறு உள்ளே போவதற்கே போன் வேண்டியிருக்கிறது. இரவில் கண்ணுக்கு நேரே வரும் வெளிச்சம், தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, அடுத்து என்ன வரும் என்று இழுத்துக்கொண்டே போகும் அந்த வீடியோக்களுக்கு முடிவு என்பதே இல்லாததுதான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எல்லாப் போன்களும் அலமாரியின் மேல்தட்டிலோ அடுப்படியிலோ சார்ஜில் கிடக்கட்டும். எல்லாப் போன்களும் என்றால் தகப்பன் போனும்தான். பாயில் படுத்துக்கொண்டு தான் ரீல்ஸ் பார்த்தபடியே பிள்ளையைப் பார்த்து ‘கண்ண மூடுடா’ என்று அதட்டுகிற தகப்பனின் சொல்லுக்கு எடை கிடையாது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நிலை தனி. வயது வரும்போது உடம்பின் கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது. பதினைந்து வயதுப் பையனுக்குப் பத்துவயதுத் தம்பியைவிட ஒரு மணி, இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் தூக்கம் வரும். இது சோம்பலும் இல்லை, அடங்காமையும் இல்லை. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014இல் அறிவுறுத்தியது. நாமோ தேர்ச்சி விழுக்காட்டுக்காக ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். மாலை ஆறரை வரை இன்னொன்று வைக்கிறோம். அதற்கு மேல் டியூஷன். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வருகிற பெண்பிள்ளை ஐந்து மணிக்கு எழ வேண்டும், பத்தரைக்கு முன் படுக்க முடியாது. ஆறரை மணி நேரத் தூக்கத்தில் அவள் மனப்பாடம் செய்வது எத்தனை நாள் நிற்கும்? காலை வகுப்பு, மாலை வகுப்பு இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்லுங்கள். காலையை விடுவது நல்லது. தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும் என்று தலைமையாசிரியர் அஞ்சுவார்; அந்த அச்சத்தை அவர் ஒருவர் தோளில் மட்டும் வைக்காமல், பெற்றோராகிய நாங்கள் சேர்ந்து கேட்கிறோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

விழித்திருப்பதற்காக அந்தப் பிள்ளைகள் குடிப்பதையும் பாருங்கள். பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடையில் தொங்கும் எனர்ஜி டிரிங்க் பாட்டில்களில் ஒரு லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இது குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அந்தப் பாட்டிலிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டும் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குக் குடித்த காஃபீனில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். கடைக்காரர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர். சீருடையில் வருகிற பிள்ளைக்கு அதை விற்க வேண்டாம் அண்ணே என்று குழுத் தலைவர் நேரில் போய்ச் சொன்னால் கேட்பார். இரவுச் சாப்பாட்டைப் பற்றி ஒன்று மட்டும்: எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், என்ன இருக்கிறதோ அது போதும்.

விளையாட்டுக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு உண்டு. ஐந்து முதல் பதினேழு வயது வரை நாள்தோறும் அறுபது நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெயில் படும்படி ஓடிய பிள்ளைக்கு இரவில் தூக்கம் தானே வரும். தெருவில் வண்டிகள், கண்மாய்க் கரையில் கருவேல முள். பள்ளி மைதானமோ மாலையில் பூட்டிக் கிடக்கிறது. ஆறு மணி வரை திறந்துவைத்து, குழு உறுப்பினர் இருவர் முறைபோட்டு நின்றால், வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைபடுகிற பெண்பிள்ளைகளுக்கும் ஒரு இடம் கிடைக்கும்.

அடுத்தது ஒலிபெருக்கி. இதைச் சொன்னால் சாமி குற்றம் என்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். நம் பக்கத்துக் கிராமங்களில் பங்குனிப் பொங்கலும் பொதுத்தேர்வும் ஒரே நேரத்தில் வருகின்றன. காதுகுத்து, வசந்த விழா, முளைப்பாரி என்று மைக்செட் கட்டாத வாரம் இல்லை. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கின்றன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, திருவிழாக்களுக்காக மாநில அரசு தளர்வு கொடுத்தாலும் ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மேல் போகாமல் நள்ளிரவு வரை மட்டுமே. காவல்நிலையத்தில் தனியாளாய்ப் போய் மனுக் கொடுத்தால் ஊரில் பகை வரும். பள்ளி மேலாண்மைக் குழு, திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னதாக, ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து, தேர்வு நாட்களின் பட்டியலைக் கையில் கொடுத்துப் பேசினால் பகை வராது. சாமி கும்பிடுகிற கூட்டத்தில் பாதிப்பேர் வீட்டில் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிறது.

இனி எழுதப்போவது கூட்டத்தில் பேசக் கூசுகிற விஷயம். டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிறது. பத்தரை மணிக்குச் சில வீடுகளின் கதவு எப்படித் தட்டப்படும் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும், தூங்கியிருக்காது. காலடி ஓசையைக் கொண்டே இன்றைக்கு அடி விழுமா விழாதா என்று கணக்குப் போடப் பழகிய பிள்ளை அது. அப்படி நாள்தோறும் எச்சரிக்கையாக இருந்து பழகிய மூளை, வகுப்பறையில் ஆசிரியர் சற்றுக் குரல் உயர்த்தினாலும் துள்ளி விழும், அல்லது எதுவும் காதில் விழாதது போல் உறைந்துபோகும். இந்தப் பிள்ளையிடம் செல்போனை ஓரம் வை, சீக்கிரம் படு என்று சொல்வது வீண். இங்கே வேண்டியது பக்கத்தில் ஒரு வீடு. அன்றிரவுக்கு மட்டும் போய்ப் படுத்துக்கொள்ளத் தாத்தா வீடோ சித்தி வீடோ, கேள்வி கேட்காமல் கதவு திறக்கிற ஒரு வீடு. குழுவில் உள்ள பெண்கள் தங்களுக்குள் பேசி, எந்தப் பிள்ளைக்கு எந்த வீடு என்று ஓசையில்லாமல் ஏற்பாடு செய்ய முடியும். இதைப் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. குடிநோய்க்கு அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவம் உண்டு என்பதைத் தகப்பனிடம் அவர் தெளிவாக இருக்கும் பகற்பொழுதில், அவர் மதிக்கிற ஓர் ஆண் சொல்ல வேண்டும். பிள்ளையின் உடலுக்கு ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கத் தயங்காதீர்கள். குடும்ப விவகாரம் என்று ஒதுங்கும் நேரம் அதுவல்ல.

விளக்கணைத்த பின் வரும் கால்மணி நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகள் முகத்துக்கு நேரே சொல்லாததை இருட்டில் சொல்லும். ‘இன்னைக்கு எத்தன மார்க்கு?’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘இன்னைக்கு யார் கூட சாப்பிட்ட?’ என்று கேட்டால், யாரோடும் சாப்பிடாத பிள்ளை அதைச் சொல்லும். பேருந்தில் ஒருவன் இடிப்பதையும், நிறத்தையோ சாதியையோ சொல்லி ஒருத்தி கேலி செய்வதையும் சொல்லும். கேட்டவுடன் புத்திமதி சொல்லாதீர்கள், அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம். அப்பத்தாமார் கதை சொன்ன காலத்தில் கதையைவிடப் பெரிதாக நடந்தது, முதுகில் தட்டிக்கொண்டே ஒருவர் பக்கத்தில் படுத்திருந்ததுதான்.

எல்லாம் செய்தும் சில பிள்ளைகள் தேறமாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் பிடிக்காமலோ எந்நேரமும் தூங்கிக்கொண்டோ இருத்தல், பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்குதல், பள்ளி நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், காரணமில்லாத அழுகை, உடம்பில் தானே கீறிக்கொண்ட தழும்பு: இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கோடாங்கியிடம் போய் விபூதி போட்டுக்கொள்ள விரும்பும் பாட்டியைத் தடுக்க வேண்டாம். அதற்காக மருத்துவரைத் தள்ளிப்போடவும் வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416; இருபத்துநான்கு மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவை அழைத்து உங்கள் பள்ளியில் பேசச் செய்யவும் இயலும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை எந்த விளையாட்டுக் குரலில் சொன்னாலும், அன்றைக்கே, ஒருவர் கூடவே இருந்தபடி, உதவி கேட்க வேண்டும். அப்படி நினைக்கிறாயா என்று நாமே கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தவறானது. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பாரம் குறைகிறது. விவசாய வீடுகளில் பூச்சிமருந்தும், எல்லா வீட்டிலும் பெரியவர்களின் மாத்திரைகளும் பூட்டுக்குள் இருக்கட்டும். தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் இதை இன்னொரு முறை எல்லாப் பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

கடைசியாகக் கூட்ட நேரம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம் வைப்பதால் தாய்மார்கள் வருகிறார்கள், தகப்பன்மார் வருவதில்லை. வேலையை விட்டு வர அவர்களால் முடியாது என்பதும் உண்மை. மேலே நான் எழுதியவற்றில் தொலைக்காட்சி, போன், குடி, மைக்செட் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருப்பவை. ஆகவே விதிப்படியான கூட்டத்தோடு கூடுதலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இந்த ஒரு பொருளுக்கென்றே தகப்பன்மாரை அழையுங்கள். பள்ளி வேண்டாம், ஊர் மந்தையிலோ டீக்கடைக்கு எதிரே உள்ள ஆலமரத்தடியிலோ வைத்தால் வருவார்கள். அன்று மூன்று தீர்மானங்கள் மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும்: மாலை ஆறுக்கு மேல் வாட்ஸ்அப்பில் பாடம் இல்லை, காலைச் சிறப்பு வகுப்பு இல்லை, தேர்வு மாதங்களில் இரவு பத்துக்கு மேல் மைக்செட் இல்லை. வீட்டுக்குள் விளக்கணைக்கும் நேரத்தை அவரவர் வீட்டில் முடிவு செய்துகொள்ளட்டும். 14416, 1098 என்ற இரண்டு எண்களையும் பள்ளிச் சுவரில், பிள்ளைகள் கண் மட்டத்தில், பெயிண்டால் எழுதிவிடுங்கள். தாளில் ஒட்டினால் அடுத்த மழைக்கு இருக்காது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.